ஒரே கொடி, வேறு வேறு வெயில்

ஸ்பெயினின் கனமான சிவப்பு ஒயின்கள் முதல் மடக்கிலேயே ஆளைக் கவிழ்த்துவிடும். அவற்றை மதிப்பிடுவதில் இருக்கும் சிக்கலே அதுதான். கறுப்பை எட்டும் நிறம், வாய் நிறையப் பழம், நாக்கைப் பிடித்திழுக்கும் துவர்ப்பு, தொண்டையில் இறங்கும் சூடு எல்லாம் ஒன்றாக வந்து விழும்போது, இது நல்ல ஒயினா, வெறும் பலசாலியா என்று பிரித்துப் பார்க்க அவகாசமே கிடைக்காது. ஒரே ஒரு பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அதே தோட்டம், அதே கொடி, அதே கை; வருடம் மட்டும் வேறு. அப்படி நாலைந்து பாட்டில்களை வரிசையாக வைத்தால்தான் எது மண் கொடுத்தது, எது வெயில் கொடுத்தது, எது பீப்பாய் கொடுத்தது என்பது பிடிபடும்.

இதற்கு ரிபேரா டெல் துவேரோவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. வட ஸ்பெயினின் பீடபூமியில், துவேரோ ஆற்றின் இரு கரையிலும் சுமார் 115 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்த ஒயின் பகுதி. வல்லாதோலித், பர்கோஸ், செகோவியா, சோரியா என்று நான்கு மாகாணங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. தோட்டங்கள் பெரும்பாலும் 700 மீட்டருக்கு மேலே. சில இடங்களில் 1000 மீட்டரை நெருங்கும். 'ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்' என்று இந்தக் காஸ்தில் பகுதிக்காரர்கள் தங்கள் வானிலையைப் பற்றிச் சொல்வார்கள். அந்த மூன்று மாதத்திலும் இரவு மட்டும் நரகமில்லை. ஆகஸ்டில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலும் விடிகாலையில் மேல்சட்டை இல்லாமல் தோட்டத்துக்குள் நடக்க முடியாது. இங்கே விளையும் ஒயினின் உயிர் அந்தக் குளிர்ந்த இரவில்தான் இருக்கிறது.

திராட்சை டெம்ப்ரனியோ. இங்கே அதை தின்தோ ஃபினோ என்பார்கள். ஆற்றோடு மேற்கே போனால் தோரோவில் அதுவே தின்தா தே தோரோ. ஸ்பெயினின் இன்னொரு பெரிய ஒயின் பகுதியான ரியோஹாவின் முக்கியத் திராட்சையும் இதுதான். இயல்பிலேயே புளிப்பு குறைவான ரகம் இது. வெயில் கூடக்கூட இருக்கிற புளிப்பும் கரைந்துபோகும். பழத்தில் புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைக் கொடி தன் சுவாசத்துக்கு எரித்துக்கொள்கிறது. இரவு சூடாக இருந்தால் எரிவது அதிகம், குளிர்ந்தால் குறைவு. அதனால்தான் ஒரே திராட்சை தாழ்வான வெப்ப நிலத்தில் ஜாம் மாதிரியான ஒயினாகவும், உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒயினாகவும் ஆகிறது.

வல்லாதோலித்தில் வசித்த காலத்தில், அறுவடைக்கு முந்தைய வாரங்களில் லா ஓர்ரா கிராமத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போவதுண்டு. வயதான கொடிகள், கம்பி, பந்தல் எதுவும் கிடையாது. புதர் மாதிரி தனித்தனியாக, முறுக்கிய அடிமரத்தோடு நிற்பவை. தோட்டக்காரர் கையில் சர்க்கரை அளக்கும் கருவி இருக்கும். ஆனால் அதை அவர் எடுப்பது கடைசியில்தான். முதலில் வேறு வேறு கொடிகளிலிருந்து பழங்களைக் கிள்ளி வாயில் போடுவார். சதையை விழுங்கிவிட்டுத் தோலைத் தனியாக மெல்லுவார், பிறகு விதையைக் கடிப்பார். விதை பச்சையாக, பல்லில் கசந்து வழுக்கினால் இன்னும் நாள் ஆகும். காபிக்கொட்டை நிறத்தில், படக்கென்று உடைந்தால் சரி. நானும் கூடவே மென்று பார்ப்பேன். ஒரு வெப்பமான வருடத்தில் பழம் தேனாக இனித்தது, விதையோ பச்சை மரத்தின் கசப்போடு இருந்தது. அவர் முகம் சுளித்து, 'சர்க்கரை ஓடிப்போய்விட்டது, தோல் பின்னால் வருகிறது' என்றார்.

ஒயினில் வருடத்தின் வித்தியாசம் என்று பேசும்போது பாதி விஷயம் அந்த வாக்கியத்திலேயே அடங்கிவிடுகிறது. கடும் வெயிலில் கொடி தண்ணீரைக் காப்பாற்ற இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். வளர்ச்சி நிற்கும். பழத்திலிருந்து தண்ணீர் வற்றுவதால் சர்க்கரை அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் முதிரக் காலம் போதாது. இப்போது பறித்தால் துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கும். காத்திருந்தால் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தாண்டி, புளிப்பு தரையில் விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே எந்த நாளில் கத்தரிக்கோலை எடுப்பது என்ற முடிவு, பல வருடம் கழித்துக் கோப்பையில் அப்படியே தெரியும்.

வரிசைச் சுவைப்புக்கு எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. பலர் இளையதிலிருந்து மூத்ததற்குப் போவார்கள். கனமான ஒயின்களுக்கு நான் தலைகீழாகப் போகிறேன். இருபது வயது ஒயினின் மென்மையான மணம், அதற்கு முன்னால் இளம் ஒயினின் துவர்ப்பைக் குடித்த நாக்குக்கு எட்டாது. மூத்ததை முதலில் கவனித்துவிட்டு இளையதற்கு வர வேண்டும். பிறகு எல்லாக் கோப்பைகளும் எதிரில் இருக்க, முன்னும் பின்னும் போய் ஒப்பிடலாம். துப்புவதற்கு ஒரு பாத்திரம் கட்டாயம். 14.5 சதவீத ஒயினை விழுங்கிக்கொண்டே போனால் மூன்றாவது கோப்பைக்குப் பிறகு எல்லாமே அருமையாகத்தான் இருக்கும்.

வெப்பநிலையில் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். 'சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடி' என்ற வழக்கு குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளிலிருந்து வந்தது. இந்த ஒயின்களுக்கு 16 முதல் 18 டிகிரி சரி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் பாட்டிலை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுக்கலாம், கூச்சமே வேண்டாம். 25 டிகிரியில் ஊற்றினால் முதலில் மூக்கில் ஏறுவது ஆல்கஹால்தான். நல்ல வருடமும் கெட்ட வருடமும் அந்த நெடியில் ஒன்றுபோலாகிவிடும்.

கோப்பையைச் சாய்த்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்தால் விளிம்பு பேசத் தொடங்கும். இளம் ஒயினின் விளிம்பு ஊதா. வயது ஏறஏற நிறப்பொருள்களும் துவர்ப்புப் பொருட்களும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து, வண்டலாக அடியில் தங்கும். விளிம்பு செங்கல் நிறத்துக்கு வரும். பத்து வயது ஒயினுக்கு இன்னும் ஊதா விளிம்பு இருந்தால் அதற்கு முன்னால் நீண்ட ஆயுள் இருக்கிறது என்று ஊகிக்கலாம். ஐந்து வயதிலேயே பழுப்பு ஓடியிருந்தால் எச்சரிக்கை.

அப்புறம் வாய். ஒரு மடக்கை வாயில் வைத்துக்கொண்டு துவர்ப்பு எங்கே பிடிக்கிறது என்று கவனிப்பேன். முதிராத துவர்ப்பு கொட்டைப்பாக்கை மென்றதுபோல ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் சுருட்டிப் பிடிக்கும். முதிர்ந்த துவர்ப்பு நாக்கின் நடுவில் பரவி, அளவில் எவ்வளவு இருந்தாலும் நுண்ணிய பொடியாகப் படியும். விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ வாயில் எச்சில் ஊறுகிறதா? ஊறினால் புளிப்பு உயிரோடு இருக்கிறது. கனமான ஒயினுக்கு இதைவிட நம்பகமான சோதனை என்னிடம் இல்லை. பழம், வாசனை, கறுப்பு நிறம் எல்லாம் முதல் சில வருடங்களுக்கு ஒயினைத் தாங்கும். அதற்குப் பிறகு தாங்குவது புளிப்புதான்.

அரந்தா தே துவேரோ ஊரின் தெருக்களுக்கு அடியில் இடைக்காலத்தில் குடைந்த நிலவறைகள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. அப்படி ஒரு நிலவறையில், நண்பர்கள் சிலர் சேர்த்து வைத்திருந்த ஒரே தயாரிப்பாளரின் ஒயினை வருட வரிசையில் சுவைத்தோம். 2003, 2004, 2011, 2013, 2017.

2003 ஐரோப்பா முழுவதையும் வறுத்தெடுத்த கோடை. வெளிவந்தபோது அந்த வருட ஒயின்கள் பலரை மயக்கின. அன்று கோப்பையில் வந்தது உலர்ந்த அத்தி, வேகவைத்த பிளம், சாக்லேட். முகரும்போது பிரமாதம். வாயில் ஆரம்பம் இனிமை, நடுவில் ஒரு பள்ளம், முடிவில் ஆல்கஹாலின் சூடும் காய்ந்த துவர்ப்பும் தனித்தனியாக நின்றன. பழம் போய்விட்டது, எலும்பு மிஞ்சியிருந்தது.

பக்கத்தில் 2004. கோடை அளவோடு இருந்து, செப்டம்பர் இரவுகள் குளிர்ந்த வருடம். ரிபேராவின் ஒழுங்குமுறை வாரியம் அதற்கு உச்ச மதிப்பான 'எக்ஸெலெந்தே'யைக் கொடுத்திருந்தது. நிறத்தில் 2003ஐவிட ஒரு மாத்திரை வெளிறியே இருந்தது, ஆனால் விளிம்பில் பழுப்பு குறைவு. செர்ரி, பதனிட்ட தோல், புகையிலை, கொஞ்சம் ஈரமண். துவர்ப்பு முழுக்க உருகி ஒயினோடு சேர்ந்துவிட்டது. விழுங்கிய பின்னும் வெகுநேரம் வாய் ஊறிக்கொண்டே இருந்தது. ஒரே தோட்டம், ஒரு வருட வித்தியாசம், அதிலும் இளையதுதான் 2004. ஆனால் அருகருகே வைத்தபோது பத்து வருட இடைவெளி இருப்பதுபோல் தோன்றியது.

2011ம் வெப்பமான வருடம்தான், உலர்ந்த வருடம். ஆனால் பழம் ஆரோக்கியமாக முதிர்ந்தது. அந்தக் கோப்பையில் பலமும் இருந்தது, பலத்தைத் தாங்கும் முதுகெலும்பும் இருந்தது. அடர்ந்த கறும்பழம், கிராம்பு, பென்சில் சீவல் மணம். துவர்ப்பு இன்னும் இளமையாக இருந்தது. இதைத் திறந்திருக்கவே கூடாது, இன்னும் விட்டிருக்க வேண்டும் என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் தோன்றியது.

எனக்கு அன்று மிகவும் பிடித்தது 2013. குளிர்ந்த, ஈரமான, தாமதமான வருடம். வெளிவந்தபோது விமர்சகர்கள் உற்சாகம் காட்டவில்லை. கடைகளிலும் விலை குறைந்தே கிடந்தது. கோப்பையில் சிவந்த பழம், பச்சை மூலிகையின் ஒரு கீற்று, மிளகு. உடல் மெலிந்ததுதான். கனத்தை வைத்து மதிப்பெண் போட்டால் ஐந்தில் இதுதான் கடைசி. ஆனால் சாப்பாடு வந்ததும் எல்லோர் கையும் இந்தப் பாட்டிலைத்தான் தேடிப் போனது. அரந்தாவின் புகழ்பெற்ற உணவு லெச்சாஸோ, அதாவது தாய்ப்பால் மட்டுமே குடித்த ஆட்டுக்குட்டியை மண்சட்டியில் வைத்து விறகு அடுப்பில் வாட்டுவது. மேல்தோல் மொறுமொறுவென்று, உள்ளே கொழுப்பு ஒழுகும். 2003 அந்தக் கொழுப்போடு சேர்ந்து வாயை அடைத்தது. 2013 ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் வாயைக் கழுவிக் கொடுத்தது. இந்த ஊர் ஒயினை இந்த ஊர்ச் சாப்பாட்டோடு வைத்து மதிப்பிடாமல் வெறும் வாயால் மதிப்பெண் போடுவது பாதி வேலைதான்.

2017, ஏப்ரல் கடைசியில் பனி விழுந்து இளந்தளிர்களைக் கருக்கிய வருடம். பல தோட்டங்களில் விளைச்சல் படு குறைவு. தப்பிய பழம் செறிவாக இருந்தது. ஒயின் கொஞ்சம் அவசரமாக முதிர்ந்த மாதிரி, இன்றைக்கே குடிக்கத் தயாராக இருந்தது. அதைப் பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

கனம் என்றால் தரம் என்ற எண்ணம் இந்தப் பகுதிக்கு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ரிபேராவுக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் கிடைத்ததே 1982ல்தான். அதற்கு முன் வெளியுலகம் அறிந்த பெயர் ஏறக்குறைய ஒன்றே ஒன்று: 1864ல் தொடங்கிய வேகா சிசிலியா ஒயின் ஆலை. 1970களில் அலெஹாந்த்ரோ ஃபெர்னாந்தெஸ் தன் பெஸ்கேரா ஒயினைக் கொண்டுவந்தார். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதை பிரான்சின் புகழ்பெற்ற பெத்ருஸ் ஒயினுக்கு இணையாகப் பேசியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1995ல் டென்மார்க்கிலிருந்து வந்த பீட்டர் சிசெக் பிங்குஸ் என்ற தன் ஒயினின் முதல் வருடத்தைச் செய்தார். மிகக் குறைந்த அளவு. அதிலும் அமெரிக்காவுக்குப் போன ஒரு பகுதி அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே கப்பலோடு மூழ்கிவிட, விலை வானத்துக்குப் போனது. நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண் காலம் அது. கறுப்பாக, கனமாக, புது ஓக் மரப் பீப்பாயின் வெனிலாவும் வறுத்த காபியும் மணக்கச் செய்தால் மதிப்பெண் வரும் என்று பலர் அதே பாதையில் ஓடினார்கள்.

புது பீப்பாய் நிறைய இருந்தால் வருடங்களின் வித்தியாசம் மறைந்துவிடும் என்பதுதான் எனக்கு அதன்மேல் உள்ள பெரிய வருத்தம். அமெரிக்க ஓக்காக இருந்தால் தேங்காயும் வெனிலாவும், பிரெஞ்சு ஓக்காக இருந்தால் கிராம்பும் புகையும் முன்னால் வந்து நின்றுகொள்ளும். நல்ல வருடத்துக்கும் மோசமான வருடத்துக்கும் ஒரே உடுப்பு மாட்டிவிட்ட மாதிரி. நல்லவேளையாக இப்போது பழைய பீப்பாய், பெரிய பீப்பாய், சிமெண்ட் தொட்டி என்று பலர் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். அந்த பாட்டில்களில் வருடம் தெளிவாகத் தெரிகிறது.

லேபிளில் இருக்கும் சொற்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ரிபேராவில் கிரியான்ஸா என்றால் இரண்டு வருட முதிர்ச்சி, அதில் குறைந்தது 12 மாதம் பீப்பாயில். ரெசேர்வா மூன்று வருடம், அதிலும் 12 மாதம் பீப்பாய். கிரான் ரெசேர்வா ஐந்து வருடம், 24 மாதம் பீப்பாய். இவை காலக் கணக்கு. சுமாரான வருடத்தின் ரெசேர்வாவைவிட நல்ல வருடத்தின் கிரியான்ஸாவை நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன், பணமும் மிச்சம்.

வருடத்தை வேகா சிசிலியா அணுகும் விதம் தனி. ஊனிக்கோ என்ற அவர்களது முதன்மை ஒயின் பீப்பாயிலும் பாட்டிலுமாகச் சுமார் பத்து வருடம் இருந்த பிறகே வெளியே வருகிறது. வருடம் திருப்தியாக இல்லையென்றால் ஊனிக்கோவே கிடையாது. 1992, 1993 வருடங்களில் செய்யவில்லை. அதே வீட்டிலிருந்து ரெசேர்வா எஸ்பெசியல் என்று இன்னொன்று வருகிறது. பல வருடங்களின் ஊனிக்கோவைக் கலந்து செய்வது, எந்த ஒரு வருடத்தின் பெயரிலும் வராது. ஒரு வருடத்தின் வெயிலை இன்னொரு வருடத்தின் குளிர்ச்சியால் நிமிர்த்துவது. வருடத்தை இவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பவர்களே வருடமில்லாத ஒயினையும் பெருமையோடு செய்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வருடங்கள் ஒன்றுக்கொன்று என்ன கொடுக்க முடியும் என்று தெரிந்தவர்களால்தான் அதைக் கலக்க முடியும்.

ஆற்றோடு மேற்கே போனால் தோரோ. அங்கே மண் மணற்பாங்கானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி மணலில் பெருக முடியாததால், ஒட்டுக்கட்டாத சொந்த வேரில் நிற்கும் பழங்கொடிகள் இன்னும் இருக்கின்றன. ரிபேராவைவிடத் தாழ்வு, வெப்பம் கூடுதல், திராட்சைத் தோல் தடிப்பு. வேகா சிசிலியாவில் முப்பது வருடம் ஒயின் செய்த மரியானோ கார்சியா இங்கே சான் ரோமான் ஒயினைத் தொடங்கினார். வேகா சிசிலியாவும் பின்தியா என்ற ஒயினோடு இங்கே வந்தது. தோரோவில் குளிர்ந்த வருடமே நல்ல வருடம் என்பது என் கணிப்பு. பலத்துக்கு அந்த நிலத்தில் பஞ்சமே கிடையாது.

ஒரு பாட்டில் விஷயத்தில் மனசு தீர்மானத்துக்கு வரவில்லையென்றால் பாதியை அடைத்து வைத்துவிட்டு மறுநாள் மாலை பாருங்கள். இளம் வயதுக் கனமான ஒயினுக்குக் காற்று பட்ட ஒரு இரவு, சில வருட முதிர்ச்சியின் சாயலைக் காட்டும். சரியான புளிப்பும் முதிர்ந்த துவர்ப்பும் உள்ளது மறுநாள் மணம் விரிந்து இன்னும் நன்றாக இருக்கும். வெறும் பழத்திலும் ஓக்கிலும் நின்றது தட்டையாகிவிடும். வயதான ஒயினுக்கு இது ஆகாது. அதை வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றி, அன்றே முடித்துவிட வேண்டும்.

2004ம் 2001ம் கையில் இருப்பவர்கள் இப்போது திறக்கலாம். 2011ஐயும் 2019ஐயும் வைத்திருங்கள். 2022 மீண்டும் ஒரு கொளுத்திய வருடம், இப்படிப்பட்ட வருடங்கள் இனி அதிகம் வரப்போகின்றன. அதனால் புதிதாக வாங்கும்போது வருடத்தோடு உயரத்தையும் பார்க்கிறேன். பிராந்தியத்தின் கிழக்குக் கோடியில், சோரியா மாகாணத்தின் அதாவுதா பள்ளத்தாக்கில், ஆயிரம் மீட்டரை ஒட்டி, சொந்த வேரில் நிற்கும் மிகப் பழைய கொடிகள் இருக்கின்றன. முன்பு அங்கே பல வருடங்களில் பழம் முழுதாக முதிர்வதே போராட்டமாக இருந்தது. வெப்ப வருடங்களில் அங்கிருந்து வரும் ஒயின்களைத் தேடிப் பிடித்துக் குடித்துப் பாருங்கள்: நிறம் அவ்வளவு கறுப்பு இல்லை, சிவந்த பழம், சுண்ணாம்புக் கல்லை உரசிய மாதிரி ஒரு வாசம், விழுங்கிய பின்னும் ஊறிக்கொண்டே இருக்கும் வாய்.